அளந்தவர் கண்ணும் நம் கண்ணும்

அமிர்தி அடிவாரத்தில் நின்று சவ்வாது மலையை நோக்கும்போது, மலைமக்களும் ஊர்ப்புறத்து உழைப்பாளிகளாகிய நாமும் ஒரே ஏட்டில் அளந்து பதியப்பட்டவர்கள் என்ற எண்ணம் எழுகின்றது. அவ்வேட்டின் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், ஆளப்படுவோரை வகைப்படுத்தி அறிய வெள்ளை அரசு விழைந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் புகைப்பட நூல் எட்டுத் தொகுதிகளாக வந்தது. 1869-இல் லாம்ப்ரே என்பார், மரச்சட்டத்தில் நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் அமைத்து, அதன்முன் மனிதரை நிறுத்தி அளக்கும் முறையை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் கருவிகொண்டு அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பறையர், சக்கிலியர், இருளர், மலையாளிகள், தோடர் அனைவரும் உளர். ஆனால் படங்களின் கீழ்ப் பெரும்பாலும் காண்பது குலப்பெயரே. நின்றவரின் சொந்தப் பெயரைக் காண்பது அரிது.

இப்படங்களை நம் காலத்துக் கலைஞர் மறுபார்வை பார்த்தனர். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, 2000 முதல் 2004 வரை 'தென்னிந்தியப் பெண்கள்' பற்றிய படவரிசை ஒன்றை உருவாக்கினார். அதில் அவரே தோடர் பெண்ணாக வேடமிட்டு, கட்டமிட்ட திரைமுன் நிற்கின்றார். அளக்கும் கருவியின் ஆணவம் அங்கே அம்பலமாகின்றது.

எனினும் நாம் ஒன்று கேட்டாக வேண்டும். புஷ்பமாலா விரும்பி அங்கு நின்றார்; விரும்பியபோது வேடத்தைக் களைந்தார். அன்று திரைமுன் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அவ்வுரிமை இருந்ததா? பிறர் நம் பொருட்டு நிற்பது நன்று. நம் உருவத்தை நாமே வரைவது அதனினும் நன்று.

அதற்குத் தூரிகை வேண்டும். அதற்கு முன்னரே செய்யத்தக்க பணியும் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த நம் மூத்தோரின் பழைய படங்கள் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. பெயர் சொல்ல வல்ல பாட்டிமார் இன்னும் உள்ளனர். இளைஞர்களே, இன்றே சென்று கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பெயரிழந்த படங்களின் வரிசையில் நம் வீட்டுப் படமும் சேராதிருக்கட்டும்.