காடிக்குள் ஓடும் மெக்வீன்: ஒரு விளையாட்டுப் பொருளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

"மாமா, அவ்வளவு அமுக்காதீங்க, பறந்துடும்" என்று அக்கா மகன் சொல்லி வாய் மூடுவதற்குள் என் கார் வளைவில் தூக்கியெறியப்பட்டுக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. சிவப்பு வண்டி. பக்கவாட்டில் 95 என்ற எண். முன்கண்ணாடியில் இரண்டு பெரிய கண்கள். ஒருக்களித்துக் கிடந்தபோதும் அது இளித்துக்கொண்டுதான் இருந்தது. பிக்ஸார் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'கார்ஸ்' அனிமேஷன் படத்தின் நாயகன், லைட்னிங் மெக்வீன். பக்கத்துத் தடத்தில் ஓடிய கறுப்பு வண்டி ஜாக்சன் ஸ்டார்ம், 2017-இல் வந்த மூன்றாம் படத்தின் எதிராளி. கரேரா கம்பெனியின் பெட்டி. அத்தான் விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்தது.

இவற்றை ஸ்லாட் கார் என்கிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தடத்தில், தச்சர் பலகையில் இழைக்கிற காடி மாதிரி, காருக்கு ஒன்றாகப் பள்ளம். காரின் வயிற்றிலிருந்து இறங்கும் சின்னக் குச்சி அந்தக் காடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காடியின் இரு மருங்கிலும் உலோகப் பட்டை. அதிலிருந்து மின்சாரம் வாங்கி மோட்டார் சுழலும். ஆடுகிறவர் கையில் ஒரு விசை. அமுக்கினால் வேகம், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். ஸ்டியரிங் கிடையாது. ரிவர்ஸ் கிடையாது.

அரைமணி நேரம் ஆடியபின் எனக்கு என்னமோ உறுத்தியது. ஏனென்றால் படத்தை அந்தப் பையனோடு நாலைந்து தடவையாவது பார்த்திருப்பேன். (ஹாலிவுட் பொம்மைப் படத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. குழந்தைகளுக்கு யார் கதை சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் கருத்தியல் பற்றி என்ன பேசிவிடப் போகிறோம்?) கதை எளிது. ஆணவம் பிடித்த பந்தயக் கார் ஒன்று, பெருஞ்சாலை ஒதுக்கித்தள்ளிய ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் வழிதவறி மாட்டிக்கொள்கிறது. அது நாசமாக்கிய ரோட்டை அதுவே போட்டுத்தர வேண்டும் என்று தண்டனை. அங்கே டாக் ஹட்சன் என்ற கிழக் கார் மண்தரையில் ஒரு வித்தை சொல்லிக்கொடுக்கிறது: இடப்பக்கம் போக வேண்டுமா, வலப்பக்கம் திருப்பு. கடைசிப் பந்தயத்தில், முடிவுக்கோட்டைத் தொடும் நேரத்தில் மெக்வீன் நின்றுவிடுகிறது. பின்னோக்கிப் போகிறது. விபத்தில் நொறுங்கிக் கிடக்கும் 'கிங்' என்ற மூத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டைக் கடக்க வைக்கிறது. கோப்பை வேறொருவனுக்குப் போகிறது.

திருப்புதல், பின்னால் போதல், விழுந்தவனைத் தள்ளிக்கொண்டு வருதல். படத்தின் அறம் முழுக்க இந்த மூன்று அசைவுகளில் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்து வந்த மெக்வீனுக்கு மூன்றுமே முடியாது. படம் எதை விமர்சிக்கிறதோ அதையே பொம்மை விற்கிறது என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். நமக்குப் பழகிப்போன சோம்பல் அது. இந்தக் காடி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் மினிமாடல்ஸ் என்ற சிறு கம்பெனி நடத்திவந்த ஃபிரெட் ஃபிரான்சிஸ், 1952-இல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில் விசையில் ஓடும் தகரக் கார்களை விற்கத் தொடங்கினார். மவுசு குறைந்தது. அதே கார்களுக்குள் மின்மோட்டாரை வைத்து, காடியுள்ள தடத்தில் ஓட்டி, எலக்ட்ரிக்கையும் பெயரில் ஒட்டவைத்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' ஆக்கி, 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார். முதல் வண்டிகள் மாசெராட்டியும் ஃபெராரியும். சுருள்வில் கார் அதன் இஷ்டத்துக்கு ஓடும், சுவரில் முட்டும், மேசைக்கடியில் போகும். அது எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. காடி வந்ததும் குழந்தையின் விரலுக்கு வேகம் கிடைத்தது. காரின் திசை முதலிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

ரோலாண் பார்த்தின் 'மித்தாலஜீஸ்' வெளிவந்ததும் அதே 1957-இல்தான். புதிய சிட்ரோவன் காரைப் பழைய தேவாலயங்களுக்கு நிகராக வைத்துப் பேசும் கட்டுரை அதில்தான் இருக்கிறது. பொம்மைகளைப் பற்றிய கட்டுரையும் அதில் உண்டு. பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் குழந்தை கையில் கொடுத்து, அதை இயற்கை என நம்பவைக்கின்றன இந்தப் பொம்மைகள் என்பது அவர் வாதம். குழந்தை இங்கே உடைமையாளன், பயனாளி, ஒருபோதும் படைப்பாளி இல்லை. பார்த் பிரதானமாகப் பார்த்தது பொம்மையின் உருவத்தையும் அது செய்யப்பட்ட பொருளையும். ஸ்லாட் காரில் உருவத்தைவிடத் தடம்தான் பேசுகிறது. உடம்புக்கே, ஒரு விரலுக்கே, பாடம் நடக்கிறது.

அந்தப் பாடத்துக்கு வெளியே நிஜச் சாலை இருந்தது. 1956-இல் அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலைச் சட்டம் வந்தது: 41,000 மைல், குறுக்குச் சாலை கிடையாது, நிறுத்தம் கிடையாது. பிரிட்டனின் முதல் மோட்டார் பாதை 1958 டிசம்பரில் திறக்கப்பட்டது. அது பிரெஸ்டன் என்ற ஊரைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலை. ஃபிரான்சிஸ் இவற்றைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று நான் சொல்லவில்லை. நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ திரும்பவோ முடியாத சாலை என்ற எண்ணம் அப்போது பொறியாளர் மேசையிலும் வரவேற்பறைத் தரையிலும் ஒருசேர இருந்தது என்கிறேன்.

அந்தச் சாலை யாரை ஒதுக்கியது என்பதற்கு செலிக்மன் ஒரு சாட்சி. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை 1926-இல் உருவானது. அதன்மேல் அரிசோனாவில் இருக்கிற சிற்றூர் இது. 1978 செப்டம்பர் 22 அன்று புதிய பெருஞ்சாலை செலிக்மனைத் தாண்டித் திறக்கப்பட்டது. ஊருக்குள் வண்டி வருவது ஏறக்குறைய அன்றைக்கே நின்றது. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ சும்மா இருக்கவில்லை. 1987-இல் சங்கம் ஒன்றைக் கட்டி, பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க அரிசோனாவோடு மல்லுக்கட்டினார், வென்றார். பிக்ஸார் குழு 2001-இல் அந்தச் சாலையில் பயணம் செய்தபோது கேட்ட கதைகளில் அவர் கதையும் உண்டு. ஒரு முடிதிருத்துநர் முன்னின்று நடத்திய போராட்டம் திரையில் ஒரு பந்தயக் காரின் மனமாற்றமாக ஆகிவிடுகிறது. ஊரை மீட்பது ஊர்க்காரர்கள் இல்லை, வெளியிலிருந்து வந்த பிரபலம். படத்தின் மீது எனக்கிருக்கும் பெரிய வருத்தம் இதுதான், பொம்மை மீது இல்லை.

66-ஆம் நெடுஞ்சாலை அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது 1985-இல். ஜெர்மனியின் ஃப்யூர்த் நகரில் 1963-இல் கரேராவைத் தொடங்கிய நாய்ஹீர்ல் குடும்பத்துக் கம்பெனி திவாலானதும் 1985-இல். இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆண்டைக் குறித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். 1999-இல் கரேரா ஆஸ்திரியாவின் ஸ்டாட்ல்பவர் கைக்குப் போனது. முன்பு ஸ்லாட் கார் நிஜப் பந்தய வண்டிகளின் சிறுநகல். அப்பா ஆசைப்பட்ட ஃபெராரி. இப்போது அவற்றோடு சேர்ந்து திரைப்பாத்திரமும் வீடியோ விளையாட்டின் மாரியோவும் காடியில் ஓடுகின்றன. அசலாக ஒரு கார் எங்கும் இருக்கத் தேவையில்லை, முகத்துக்கு உரிமம் இருந்தால் போதும். முதல் படம் உலகம் முழுக்கத் திரையரங்கில் ஈட்டியது சுமார் 46 கோடி டாலர். ஐந்தே ஆண்டுகளில் அதன் பெயரிட்ட பண்டங்களின் விற்பனை ஏறத்தாழ 1000 கோடி டாலர் என 2011-இல் செய்தி வந்தது.

முகத்தைக் கவனியுங்கள். கண்கள் முன்விளக்கில் இல்லை, முன்கண்ணாடியில். டிஸ்னியின் 1952 குறும்படத்தில் ஒரு சின்ன நீலக் காருக்கு அப்படித்தான் கண் வைத்தார்கள்; பிக்ஸார் அதைப் பின்பற்றியது. ஓட்டுநர் தெரிய வேண்டிய இடம் அது. படத்தின் உலகில் மனிதரே கிடையாது. ரமோன் என்ற கார் மற்றக் கார்களுக்கு வண்ணமடிக்கும். அது கலை, அது களிப்பு. 2007 ஆகஸ்டில் மாட்டெல் கம்பெனி, இதே படத்தின் சார்ஜ் என்ற ராணுவ ஜீப் பொம்மைகளை (ஸ்லாட் கார் இல்லை, கையால் உருட்டுவது) 4,36,000 வரை திரும்பப் பெற்றது. பூச்சில் ஈயம். சீனத் தொழிற்சாலையில் அடித்த வண்ணம். வாயில் வைக்கும் குழந்தைகளைப் பற்றி நிறைய எழுதினார்கள். நாள் முழுக்க அந்தப் பூச்சோடு இருந்த தொழிலாளியைப் பற்றி நான் படித்தவற்றில் ஒன்றிரண்டு வரிதான்.

2004-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிஜிட்டல் வந்தபின் பொத்தானை அமுக்கிக் காடி மாறலாமே என்று அத்தான் சொன்னார். மாறலாம். எங்கே மாறுவது என்பதையும் தடத்துண்டுகளே முடிவுசெய்கின்றன.

இதையெல்லாம் மனதில் கோத்துக்கொண்டிருந்தபோது பையனுக்கு ஆட்டம் அலுத்துவிட்டது. கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய் மெக்வீனை எடுத்துவந்தான். தடத்தில் வைக்கவில்லை. சிமெண்ட் தரையில் கையால் உருட்டினான், வாயால் சத்தம் கொடுத்தபடி. அடியிலிருந்த குச்சி தரையில் உரசிக் கிறீச்சிட்டது. கறுப்பு வண்டியைக் குப்புறத் தள்ளினான், பிறகு மெக்வீனைப் பின்னுக்கு இழுத்துவந்து அதன் முதுகில் முட்டினான். பார்த் இவனை எந்த வகையில் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. "குச்சி உடைஞ்சிரும்டா, எவ்வளவு விலை தெரியுமா" என்று அடுக்களையிலிருந்து அக்கா கத்தினாள். அவன் கேட்கவில்லை.