சின்னத் தாத்தாவின் படைத்தாள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் குடியாத்தம் சென்றிருந்தபோது, சித்தப்பா பழுப்பேறிய தாள் ஒன்றை என்னிடம் தந்தார். "நீ சிங்கப்பூர்ல வாத்தியார். இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். அது அவருடைய தந்தையார், அதாவது என் சின்னத் தாத்தா, பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியதற்கான பதிவு. எங்கும் எழுத்துகளும் புள்ளிகளுமே இருந்தன. அடியில் மட்டும் பென்சிலால் 'கிரே' என்று ஒரு முழுச்சொல். அது கையொப்பமிட்ட வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்பதே எங்கள் குடும்பத்தார் நம்பிக்கை.

சுருக்கக் குறிகள் நமக்குப் புதியவை அல்ல. பழைய கிரயப் பத்திரங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்திற்கு ௴, மேற்படி என்பதற்கு ௸ என்று எழுதியிருப்பார்கள். இன்று என் மாணவர்களிடம் ௸ என்பதைக் காட்டினால் ஓவியம் என்றே நினைப்பர். படை எழுத்தர்களும் அவ்வாறே தமக்குள் விளங்கும் ஒரு மொழியில் எழுதினர்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். படைக்கு உணவும் எரிபொருளும் ஊர்தியும் வழங்கிய பிரிவு. எம்.டி. என்றால் மோட்டார் போக்குவரத்து. ஆகவே தாத்தா லாரி ஓட்டியிருக்கிறார். டி.ஓ.எஸ். என்பது படைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார் என்பதன் சுருக்கம், அதனருகில் 1941. அடுத்து பி.ஓ.டபிள்யூ., போர்க்கைதி, தேதி 15.2.42. சிங்கப்பூர் வீழ்ந்த நாள் அது. இறுதியாக 1946இல் எஸ்.ஓ.எஸ். தாத்தா கடலில் தத்தளித்து அபயக்குரல் எழுப்பினார் என்று இந்த மூன்று எழுத்தைக் கொண்டு ஒரு கதையே எங்கள் வீட்டில் உலவியது. உண்மையில், பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

எஞ்சியது 'கிரே'.

1942 பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ 40,000 இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் அங்கே உரையாற்றினர். இந்திய தேசிய இராணுவம் உருவான கதை அத்திடலோடு பிணைந்தது. சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கிவிட்டு எத்தனையோ முறை அவ்வழியே நடந்திருக்கிறேன். என் குடும்பத்தில் ஒருவர் அங்கு நின்றிருக்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அப்படையில் சேர்ந்தவர்களை பிரிட்டிஷார் தம் ஆவணங்களில் 'ஜிஃப்' என்றனர். ஜப்பானியரின் தூண்டுதலால் உருவான ஐந்தாம் படை என்ற பொருளில் அமைந்த இழிபெயர். போர் முடிந்ததும் திரும்பி வந்த வீரர்களை விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று வகையாகப் பிரித்தனர். விசுவாசம் மாறாதவர் வெள்ளை. இந்திய தேசிய இராணுவத்தில் உறுதியோடு நின்றவர் கறுப்பு. அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இடைப்பட்டோர், அதாவது பிறர் பேச்சால் இழுக்கப்பட்டவர் என்று கருதப்பட்டோர், சாம்பல். ஆங்கிலத்தில் அதுவே 'கிரே'. நாங்கள் துரை என்று நினைத்தது ஒரு நிறத்தை!

தாத்தா எதையும் சொல்லாமலேயே 1960களில் மறைந்தார். சின்னப் பாட்டி பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தார். 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் இடம்பெற்றனர். கைம்பெண்களுக்கும் வழி இருந்தது. பென்சிலால் எழுதிய ஒரு சொல்லைக் கொண்டு பாட்டிக்கு அது கிடைத்திருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. தாளைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அது டிரங்குப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே கிடந்தது.

சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் கூறினேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ எங்கப்பா அந்தப் படையில இருந்தாரா?" என்றார். சேர்ந்திருக்க வேண்டும் என்றே அச்சொல் காட்டுகிறது, ஆனால் எவ்வளவு காலம், எங்கே என்பதைத் தாள் சொல்லவில்லை என்றேன். அந்தத் திடலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஞாயிறன்று காலையில் போய் நான்கு படங்கள் எடுத்து அனுப்பினேன்.