மாலைக்கண்ணுக்கு அப்பால்: 1990 திருச்சிராப்பள்ளி ஆய்வு

தமிழில் மாலைக்கண், காளிகாட்டில் பேசப்படும் வங்காளியில் ராத்கானா, அதாவது இரவுக்குருடு. இரு பெயர்களும் பொழுது சாய்ந்தபின் மங்கும் பார்வையையே சுட்டுகின்றன. மருத்துவமும் வைட்டமின் ஏ குறைபாட்டை நெடுங்காலம் கண்ணோயாகவே பெரிதும் கருதிவந்தது. இந்திய அரசு 1970இல் தொடங்கிய திட்டமும் பார்வையிழப்பைத் தடுப்பதையே இலக்காகக் கொண்டது. ஒன்று முதல் ஐந்து வயதுவரை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2,00,000 அலகு வழங்குவது அதன் வழிமுறை.

இக்கருத்தை அசைத்தது 1986இல் வெளியான இந்தோனேசிய ஆய்வு. ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் ஆச்சே பகுதியில் வைட்டமின் வழங்கிய ஊர்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எனினும், ஒப்பீட்டு ஊர்களுக்குப் போலி மருந்து தரப்படாததால் ஐயங்கள் எஞ்சின.

அவ்வையங்களுக்கு விடைதேடியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த லைலா ரஹ்மத்துல்லா குழுவினரின் ஆய்வு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகள் ஓராண்டு காலம் வாரந்தோறும் சந்திக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு 8,333 அலகு வைட்டமின் ஏயும் சிறிதளவு வைட்டமின் ஈயும். மற்றப் பிரிவினர்க்கு வைட்டமின் ஈ மட்டும். வாராந்தரச் சந்திப்பு இரு பிரிவுக்கும் பொதுவாதலின் அதனால் விளையும் நன்மை ஒப்பீட்டைத் திரிக்கவில்லை. 1990இல் வெளியான முடிவின்படி, வைட்டமின் ஏ பெற்றோரிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவு. குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்படலத்தையும் நோயெதிர்ப்பாற்றலையும் காப்பதில் இச்சத்துக்குள்ள பங்கு, கண்ணோய்க்கு அப்பாற்பட்ட இப்பயனை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

அதே ஆண்டில் வெளியான ஐதராபாத் ஆய்வோ, ஆறு மாதத்திற்கொரு பெருமருந்தளவால் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளிடம் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வில் 4 விழுக்காட்டுக் குறைவே தெரிந்தது. அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதிபெறவில்லை.

திருச்சிராப்பள்ளி ஆய்வைப் பெருமருந்தளவுக்கான சான்றாக மட்டும் எண்ணுவோர் ஒன்றை மறக்கின்றனர். அங்கு வழங்கப்பட்ட அளவு, ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்தில் உணவின்வழி கிடைக்க வேண்டிய அளவை ஒட்டியது. எனவே அவ்வாய்வு முருங்கைக்கீரைக்கும், பப்பாளிக்கும், அவற்றின் சத்து உடலில் சேர உதவும் சிறிதளவு எண்ணெய்க்கும் உரிய சான்றுமாகும். பற்றாக்குறை அன்றாடம் நேர்வது. அதனை ஈடுசெய்வதும் அன்றாடப் பணியே.