நாய்க்குட்டிக்கு ஒரு பள்ளிக்கூடம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. பிள்ளை வளர்ப்புக்கென்று சொல்லப்பட்ட இம்மொழி நாய் வளர்ப்புக்கும் பொருந்தும். ஆயினும், நாய்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மேல்நாடுகளில் நெடுங்காலம் இதற்கு மாறாகவே நடந்து வந்தனர். ஆறு மாதம் நிறையும் வரை குட்டிக்குப் பயிற்சி வேண்டாம் என்பது அவர்களது விதி. அவ்விதி ஏன் பிறந்தது, எவ்வாறு மாறியது என்பதை அறிந்துகொண்டால், முதன்முறையாக நாய் வளர்க்கும் ஒருவர் தம் குட்டிக்கு ஏற்ற வகுப்பு எது என்பதைத் தாமே தெரிந்துகொள்வர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் கொன்ராட் மோஸ்ற் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் நாய்களைப் பழக்கி வந்தார். 1910ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஓர் அடிப்படை நூலாயிற்று. நாய் மனிதனைப் போல நன்மை தீமையை ஆராய்ந்து நடப்பதில்லை. ஒரு செயலை அடுத்து உடனே இன்பம் வந்தால் அச்செயலை மீண்டும் செய்கிறது, துன்பம் வந்தால் விட்டுவிடுகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். அந்த அறிவு பெரிது. ஆனால், அவர் பழக்கியவை பொலிஸ் நாய்கள். பிரம்பும் முட்கழுத்துப்பட்டையும் அவரது பயிற்சியில் இடம்பெற்றன.

வீட்டு நாய்களுக்கான பயிற்சி வேறொரு வழியாக வந்தது. அமெரிக்காவில் ஹெலன் வோக்கர் என்னும் பெண்மணி பூடில் இன நாய்களை வளர்த்து வந்தார். அழகுக்கன்றி வேறெதற்கும் உதவாத நாய் என்று அவ்வினத்தைச் சிலர் எள்ளினர். அதற்கு விடையாக, 1933ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்து மவுண்ற் கிஸ்கோ என்னுமிடத்தில் அவர் ஒரு கீழ்ப்படிவுப் போட்டியை நடத்தினார். 1937இல் அவரும் பிளான்ஷ் சோன்டர்ஸ் என்பவரும் தம் நாய்களுடன் நாடெங்கும் பயணஞ்செய்து இக்கலையைப் பரப்பினர். எளிய குடும்பத்தவரும் நாயோடு வகுப்புக்குச் செல்லும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

வகுப்புகள் பெருகின, கருவி மாறவில்லை. இரண்டாம் உலகப் போரில் படைநாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூல், கழுத்தை இறுக்கும் சங்கிலியையும் அதை வெடுக்கென இழுத்துத் திருத்துவதையும் வீடுகளிற் பரப்பியது. நேயர்களே, ஆறு மாத விதியின் காரணம் இங்கே புலனாகிறது. அத்தகைய இழுப்பை இளங்குட்டியின் கழுத்துத் தாங்காது. ஆகவே, கல்விக்கு உரிய வயதைத் தீர்மானித்தது குட்டியின் அறிவன்று; ஆசிரியர் கையிலிருந்த சங்கிலியே.

அக்காலத்திலேயே விஞ்ஞானிகள் வேறொன்றைக் கண்டுவிட்டனர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து ஆய்வுகூடம் ஒன்றில், சில குட்டிகளை மனிதத் தொடர்பே இன்றி வேலியிட்ட வெளியில் வளர்த்தனர். இளம் பருவத்திலே சில நாட்கள் மனிதரோடு பழகிய குட்டிகள் பின்னும் இணக்கமாயிருந்தன. பதினான்கு வாரம் வரை மனிதரை அணுகாத குட்டிகளோ அஞ்சி ஒதுங்கின. அவற்றைப் பின்னர் பழக்குவது மிக அரிதாயிற்று. இம்முடிவு 1961இல் வெளிவந்தது. அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்கொற், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட பெருநூல், பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாயின் உறவுகள் அமையும் பருவம் என விளக்கியது. ஆறு மாதம் காத்திருந்தவர்கள் திறந்திருந்த கதவு மூடிய பின்னரே தட்டினர்.

இதற்கிடையில் ஒரு நோய் குறுக்கிட்டது. 1978ஆம் ஆண்டளவில் பார்வோ என்னும் கொடிய வைரசு நாய்களிடையே தோன்றி உலகெங்கும் விரைந்து பரவியது. தடுப்பூசிகள் முற்றுப்பெறும் வரை குட்டியை வெளியே விடாதீர் என்று மிருக வைத்தியர்கள் எச்சரித்தனர். எச்சரிக்கை நியாயமானதே. எனினும், உயிரைக் காக்க அடைத்துவைத்த நாட்கள் உறவைக் கற்கும் நாட்களாகவும் இருந்தன.

1980களின் தொடக்கத்தில் இயன் டன்பார் என்னும் ஆங்கிலேய மிருக வைத்தியர் கலிபோர்ணியாவில் இளங்குட்டிகளுக்கென்றே வகுப்புத் தொடங்கினார். அங்கே குட்டிகள் கட்டவிழ்த்து விடப்பட்டன, ஒன்றோடொன்று விளையாடின, அந்நியர் கையில் உணவு பெற்று, அழைத்தவுடன் ஓடிவரக் கற்றன. சங்கிலி நீங்கியதும் வயதுத் தடையும் நீங்கியது. 1984இல் கரென் பிரையர் எழுதிய நூல், தண்டனையின்றிக் கற்பிக்கும் முறையைப் பொதுமக்களிடம் மேலும் கொண்டு சென்றது.

நோயச்சத்துக்கும் ஒரு நடுவழி பிறந்தது. அமெரிக்க மிருக வைத்தியர்களின் நடத்தையியற் சங்கம் 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் தடுப்பூசி இட்டு ஏழு நாட்களேனும் கழிந்து, குடற்புழு மருந்தும் கொடுத்த பின், ஏழு எட்டு வாரக் குட்டியை வகுப்பிற் சேர்க்கலாம் என்றது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் இறப்புக்கு முதற் காரணம் தொற்றுநோயன்று, நடத்தைக் குறைபாடே என்றும் அவ்வறிக்கை கூறியது. கடிக்கும் நாயையும் அஞ்சும் நாயையும் மனிதர் கைவிடுகின்றனர் என்பதே இதன் பொருள். வளர்த்த நாயைத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவரும் வழக்கம் நம்மிடையும் உண்டல்லவா?

ஆகவே, வகுப்பைத் தேடுவோர் முதல் நாள் குட்டியின்றித் தனியே சென்று பார்த்தல் நன்று. இளங்குட்டிகளை ஏற்கிறார்களா? தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? தரை சுத்தமாயிருக்கிறதா? அஞ்சிய குட்டிக்கு ஒதுங்க இடமுண்டா? ஆசிரியர் நாய்க்கு மட்டுமன்றி உடையவருக்கும் கற்பிக்கிறாரா? அவர் கையிலிருப்பது உணவா, இறுக்கும் சங்கிலியா? நல்ல வகுப்பு அருகில் இல்லையெனில், மிருக வைத்தியரின் ஆலோசனையுடன், உங்கள் முற்றமே அப்பள்ளியாகலாம். வீட்டுக்கு வரும் விருந்தினரே அதன் ஆசிரியராகலாம்.

ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதர் நாய்க்குக் கற்பிக்க முயன்றனர். அம்முயற்சியில் அதிகம் கற்றவர் மனிதரே. அவர் கற்ற பாடத்தின் பயன் இன்று உங்கள் வாசலில் வாலாட்டி நிற்கும் குட்டிக்குக் கிடைக்கட்டும். அதற்கு வாய்த்திருப்பவை சில வாரங்களே.