மேசைமேல் ஓர் அச்சகம்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய திருமண அழைப்பிதழ் கிடந்தால், அதைக் கையில் எடுங்கள். பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். எழுத்துகள் மெலிதாகப் புடைத்திருப்பதை உணர்ந்தால், அந்த அழைப்பிதழ் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டது என்று கொள்ளலாம். மை தடவிய எழுத்து தாளில் அழுந்தி விட்டுச் சென்ற தடம் அது. இன்றைய ஆப்செட் அச்சிலும் கணினி அச்சுப்பொறியிலும் இந்தத் தடத்தைக் காண இயலாது.

ஒரு காலத்தில் ஊர்தோறும் பிழைப்புக்காக நடந்த இத்தொழிலைச் சிலர் மகிழ்ச்சிக்காகவும் செய்து வந்தார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைக் காண்போம்.

இயந்திரம் எப்படிச் சிறிதாயிற்று?

ஜெர்மனியில் கூட்டன்பெர்க் 1450ஆம் ஆண்டையொட்டி அமைத்த அச்சு இயந்திரம் மரத்தாலானது. பெரிய திருகு ஒன்றைச் சுழற்றித் தாளை எழுத்துகளின்மேல் அழுத்தினார்கள். 1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு முழுவதும் இரும்பாலான இயந்திரத்தை உருவாக்கி, திருகுடன் நெம்புகோல்களையும் இணைத்தார். இழுப்பவரின் உழைப்பு குறைந்தது, அழுத்தம் கூடியது.

அமெரிக்காவில் ஜார்ஜ் கார்டன் என்பவர் 1851இல் வேறொரு வகைக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்துகள் இருக்கும் பலகையும் தாள் இருக்கும் பலகையும் சிப்பியின் இரு ஓடுகளைப் போலத் திறந்து மூடும். காலால் மிதித்தே இதை இயக்கலாம். நம் ஊர்களில் ‘டிரெடில்’ என்று அழைக்கப்பட்ட இயந்திரம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இனி ஒரு சிறு கணக்கு. அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை. தாளில் எழுத்து தெளிவாகப் பதிய ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். 16 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள பக்கத்தை, 8 அங்குல நீளமும் 5 அங்குல அகலமுமாகக் குறைத்தால் பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது. அதே அழுத்தத்தைப் பெறத் தேவையான விசையும் நான்கில் ஒரு பங்குதான். ஆகவே, சிறிய பக்கம் போதும் என்பவருக்குக் கையால் அழுத்தும் ஒரு நெம்புகோலே போதும். இயந்திரம் மேசைமேல் ஏறிவிடும்! இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததற்குப் பின்னால் இந்த எளிய விதி நிற்கிறது.

சிறுவர்களின் பத்திரிகைகள்

1862இல் அமெரிக்காவின் போர்ட் ஹூரான், டெட்ராய்ட் நகரங்களுக்கிடையே ஓடிய ரயிலில் ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் செய்தித்தாள் விற்று வந்தான். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் சிறிய அச்சுப் பொறியொன்றை வைத்து, ‘வீக்லி ஹெரால்ட்’ என்ற பத்திரிகையைத் தானே எழுதி, தானே அச்சடித்து விற்றான். அதே பெட்டியில் அவனது வேதியியல் சோதனைச் சாலையும் இருந்தது. அச்சிறுவன்தான் தாமஸ் ஆல்வா எடிசன்.

அடுத்த சில ஆண்டுகளில், வீட்டில் வைத்து அச்சடிக்கும் சிறு இயந்திரங்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 1872இல் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் தொடங்கிய கெல்சி நிறுவனம் இவற்றைப் பெருமளவில் விற்றது. சிறுவர்களும் இளைஞர்களும் சொந்தமாக இதழ்கள் அச்சடித்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இவர்கள் 1876இல் பிலடெல்பியாவில் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள்.

மருந்தாக வந்த இயந்திரம்

இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுவது. எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1913 முதல் 1915 வரை கடுமையான மனநோயால் துன்புற்றார். மூளைக்கு ஓய்வு தரும் கைவேலை ஒன்று அவருக்கு நல்லது என்று கணவர் லெனார்ட் எண்ணினார். இருவரும் அச்சுக்கலை கற்க விரும்பி ஒரு பள்ளியை அணுகினார்கள். தொழிற்சங்கப் பயிற்சியாளர்களுக்கு மட்டுமே இடம் என்று கூறி அங்கே கதவை அடைத்துவிட்டார்கள்.

1917 மார்ச் மாதத்தில் லண்டன் ஃபாரிங்டன் தெருவில் நடந்து சென்றபோது, ஒரு கடையில் சிறிய கை அச்சு இயந்திரங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. கடைக்காரர் ஒரு சிறு கையேட்டைக் காட்டி, இதைப் படித்தாலே போதும் என்று தைரியம் சொன்னார். இயந்திரமும் எழுத்துகளும் சேர்த்து 19 பவுன், 5 ஷில்லிங், 5 பென்ஸ். ரிச்மண்டில் இருந்த வீட்டின் சாப்பாட்டு அறையே அச்சகமாயிற்று. லெனார்டுக்குக் கை நடுக்கம் உண்டு. ஆகவே வர்ஜீனியா எழுத்துக் கோத்தார், லெனார்ட் இயந்திரத்தை இயக்கினார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பக்கம்தான் அச்சாகும். அவ்வாண்டு ஜூலையில், இருவரும் ஆளுக்கொரு கதை எழுதிய அவர்களது முதல் நூல் வெளிவந்தது. அச்சடித்தவை 150 படிகள்.

பள்ளி மறுத்ததை ஒரு சிறிய இயந்திரமும் ஒரு கையேடும் கொடுத்தன. தன் நூலைத் தானே வெளியிட்டதால், பதிப்பாளர் என்ன சொல்வாரோ என்ற அச்சமின்றி எழுதும் சுதந்திரமும் வர்ஜீனியாவுக்குக் கிடைத்தது. மருந்தாகத் தொடங்கிய அந்த ‘ஹோகார்த் அச்சகம்’ பின்னர் புகழ்பெற்ற பதிப்பகமாக வளர்ந்தது.

தொழில் கைவிட்டது, ஆர்வலர் காத்தார்கள்

1922இல் டொனால்ட் ஆஸ்பினால் என்பவர் இங்கிலாந்தின் டுவிக்கனம் நகரில் ‘அடானா’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ‘எய்ட்-ஃபைவ்’ என்ற இயந்திரம், பெயருக்கேற்ப, 8 அங்குலத்துக்கு 5 அங்குலப் பரப்பை அச்சிடும். கைப்பிடியை அழுத்தினால் உருளைகள் வட்டத் தட்டிலிருந்து மையை எடுத்து எழுத்துகளின்மேல் தடவிச் செல்லும். பிறகு தாள் வந்து அழுந்தும். ஆயிரக்கணக்கான வீடுகளில் இது இடம்பிடித்தது.

பின்னர் ஆப்செட் முறை பரவியதும் அச்சகங்கள் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டன, அவை உருக்கப்பட்டன. எழுத்து உலோகம் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி ஆகியவற்றின் கலவை. ஆன்டிமனி உறையும்போது விரிவடையும் இயல்புள்ளது. ஆகவே கலவை அதிகம் சுருங்காமல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்புகிறது. இந்த நுட்பமான பொருள் வெறும் பழைய ஈயமாகப் போய்க்கொண்டிருந்தபோது, எழுத்துப் பெட்டிகளை விலைகொடுத்து வாங்கித் தம் வீட்டுக் கொட்டகைகளில் காத்தவர்கள் இந்த ஆர்வலர்களே. இன்று மேல்நாடுகளில் இக்கலை மீண்டும் தழைப்பதற்கு அவர்கள் சேர்த்து வைத்ததே மூலதனம்.

நாம் செய்யக்கூடியது

ஓர் இயந்திரத்தை எடைபோட்டு விற்றுவிட்டால், போவது இரும்பு மட்டுமன்று. கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பியிருக்கும் எழுத்துகளை, பெட்டியைப் பாராமலே எடுத்துக் கோக்கும் விரல்களின் அறிவும் அதனோடு போய்விடுகிறது. அதை எந்தக் கையேடும் முழுமையாக எழுதி வைக்கவில்லை.

உங்கள் ஊரிலும் முன்னாளில் அச்சுக் கோத்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்லுங்கள். கருவிகளின் பெயர்களையும் வேலையின் முறைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் சில ஈய எழுத்துகள் மிச்சமிருந்தால் உங்கள் பெயரைக் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். ஈயம் நஞ்சு, ஆதலால் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ மறவாதீர்கள். பிறகு மை தடவி, ஒரு தாளை வைத்து அழுத்திப் பாருங்கள். விசையும் பரப்பும் அழுத்தமும் பாடநூலைவிட்டு வெளியே வந்து, உங்கள் பெயராகத் தாளில் பதிந்திருக்கும்.