உபதேசியாருக்கு யார் படம் எடுப்பது?

மிஷனரி படம் என்றதும் எங்கள் சபையில் கிரகாம் ஸ்டெயின்ஸ் பேச்சுத்தான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் இரண்டு மகன்மாரோடு வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டவர். அவரைப் பற்றி அனீஷ் டேனியல் இயக்கிய படம் 2019இல் வந்தது. இலங்கை மலையகத்தின் இறம்பொடையில் அதைத் திரையிட வாலிபர்கள் காணிக்கை கேட்கிறார்கள். நான் கொடுக்கிறேன், நீங்களும் கொடுங்கள்.

ஆனால் இந்த மலைக்கும் ஒரு மிஷனரி கதை உண்டு. 1854இல், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. மேற்பார்வைக்கு வெள்ளைக்கார மிஷனரியைத் தந்தது சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.), உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் சந்தா கட்டினார்கள். அந்தப் பணம் முழுக்கப் பக்தியால் வந்தது என்று நான் நம்பவில்லை. அடங்கி வேலை செய்யும் ஆளும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். அவர்கள் பேச்சைக் கேட்ட சனம் யார்? மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். பிரட்டு, மலை, லயம் என்று நாள் முழுக்க உழைத்தவர்களிடம் போய் உபதேசியார்கள் ஜெபமும் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் சொன்னார்கள். அவர்களைப் பற்றி ஒரு படம் நான் பார்த்ததில்லை.

படம் போடுகிற அன்று வயதானவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பூட்டன் உபதேசியார் என்று யாராவது சொன்னால், தம்பிமாரே, கைபேசியில் பதிந்து வையுங்கள்.