கோவைக் கோட்டையின் கதை

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. கோவையை அடுத்த போத்தனூரைத் தாண்டி மேற்கே போகும் ரயில் மலையேறாமலே கேரளத்துக்குள் நுழைவது அதனால்தான். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படைகளும் இந்த வழியைப் பயன்படுத்தின. அதன் கிழக்கு முனையில், இன்றைய உக்கடத்தை ஒட்டி நின்றது கோவைக் கோட்டை.

கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1768-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783-இல் கம்பெனியின் ஃபுல்லார்ட்டன் பிடித்தார். மறுவருடம் மங்களூர் உடன்படிக்கையில் அது மைசூருக்கே திரும்பியது. 1790-இல் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் மீண்டும் உள்ளே நுழைந்தார்.

ஆனால் பிடித்தவர்களுக்கே கோட்டையின்மேல் நம்பிக்கை இல்லை. முற்றுகையை இது தாங்காது என்று நல்ல பீரங்கிகளைப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தோடு காவலுக்கு நின்றவர் லெப்டினன்ட் சால்மர்ஸ். திருவிதாங்கூர் சிப்பாய்களும் உடன் இருந்தார்கள். 1791 ஜூனில் ஹைதரின் மகன் திப்புவின் படை சூழ்ந்தது. ஆகஸ்டில் மதிலேறி வந்தவர்களைக் காவல்படை விரட்டியடித்தது. பாலக்காட்டிலிருந்து உதவியும் வந்து சேர்ந்தது. அக்டோபரில் திப்புவின் தளபதி கமருத்தீன் கான் பெரும்படையோடு வந்தார். இம்முறை உதவிக்கு வந்த படை வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் தொடக்கத்தில் சால்மர்ஸும் அவரோடிருந்த லெப்டினன்ட் நாஷும் சரணடைந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகப் போனார்கள். மூன்று மாதம் கழித்து, தன் தலைநகரான அதையே கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் முற்றுகையிட்டபோது, சமாதானக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப அந்த இருவரையே திப்பு விடுவித்தார்.

போரை முடித்த 1792 உடன்படிக்கையில் பாலக்காடும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. கோவை திப்புவிடம் தங்கியது. கணவாயின் மறுமுனை எதிரி கையில் இருக்க, இந்தக் கோட்டை மறுபடி விழுந்தால் எதிரிக்கே அரண். திப்புவே அதை இடிக்கச் செய்தார். முற்றுகையில் தப்பிய மதில் சமாதானத்தில் விழுந்தது. 1799-இல் கோவை கம்பெனிக்கு வந்தபோது கணவாயின் இருபுறமும் அவர்களுடையதாகிவிட்டது, மதிலுக்கு வேலையில்லை. கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் மிஞ்சின.

1862-இல் சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை அதே கணவாயைத்தான் பிடித்தது. ஆனால் கோவை நகரை ஒதுக்கிவிட்டுப் போத்தனூர் வழியாகப் போனது. மேட்டுப்பாளையம் கிளைப்பாதை 1873-இல் வரும்வரை கோவைக்காரர்கள் ரயிலேறப் போத்தனூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. படைக்குத் தேவைப்பட்டது மதில். ரயிலுக்குத் தேவை சமதரை. ஊரின் மேற்கு வாசல் நொய்யல் ஆற்றைத் தாண்டித் தெற்கே நகர்ந்தது அப்படித்தான்.